மூடிய ரைஸ்மில் மனைப்பிரிவாகும்போது: செட்டிநாட்டு ஊர்க்காரர்களுக்கு ஒரு நடைமுறைக் கையேடு

காரைக்குடி, புதுவயல், கோட்டையூர், தேவகோட்டை வட்டாரத்தில் ஊருக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும் தொழில் நிலங்கள் பல: ரைஸ்மில், செங்கல் சூளை, சாயப் பட்டறை, பழைய பெட்ரோல் பங்க், லாரி ஷெட். இவற்றில் ஒன்றை ஒரு புரோமோட்டர் வாங்கி ஜேசிபியை இறக்கியதும் ஊர் இரண்டு பட்டுவிடும். மனை விலை ஏறும் என்று ஒரு பக்கம் சொல்லும். தண்ணீர் கெடும், தெரு தாங்காது என்று இன்னொரு பக்கம் சொல்லும். இரு தரப்பிடமும் அந்த நிலத்தைப் பற்றிய தகவல் மட்டும் இருக்காது.

இந்த நிலங்களில் வீடு வருவது நல்லது என்பதே எங்கள் நிலை. ரோடு, மின்கம்பி, பஸ், பள்ளிக்கூடம் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. இங்கே வீடு கட்டவிடாவிட்டால் அடுத்த மனைப்பிரிவு ஏதாவது ஒரு கண்மாயின் ஆயக்கட்டு வயலில்தான் விழும். ஆனால் நிலத்தைச் சோதிக்காமல், தண்ணீர் போகும் வழியைப் பார்க்காமல் கல் நடுவதை ஏற்க முடியாது. “மனைப்பிரிவு வேண்டாம்” என்று நூறு பேர் கையெழுத்திட்ட மனுவுக்கு அலுவலகத்தில் ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். “வடகிழக்கு மூலையில் 3 மீட்டர் ஆழத்துக்கு உமிச்சாம்பல் கிடக்கிறது, ஆய்வறிக்கை இணைப்பில், அதை அள்ளும் வரை அந்த இடத்தில் மனை போடக் கூடாது” என்ற மனுவை அப்படி முடித்துவிட முடியாது. அந்த இரண்டாவது வகை மனுவைத் தயார் செய்யும் வழி இது.

முதலில் காகிதம்

நிலம் எந்த மாவட்டத்தில், எந்த உள்ளாட்சியில் இருக்கிறது என்பதை உறுதி செய்யுங்கள். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன. 2024-இல் காரைக்குடி மாநகராட்சியானபோது சுற்றுப்பட்ட சில உள்ளாட்சிகள் அதில் சேர்ந்தன. பழைய ஊராட்சியின் பெயரில் எழுதிய மனு மேசை மேசையாகச் சுற்றும். அதற்குள் அப்ரூவல் வந்துவிடும்.

பிறகு சர்வே எண்ணை வைத்து நான்கு ஆவணங்களை எடுங்கள்: பட்டா, ஏ-பதிவேட்டுப் பகுதி (ஒவ்வொரு சர்வே எண்ணும் யாருடையது, என்ன வகை நிலம் என்று காட்டுவது), புலப்படம் (எல்லோரும் சொல்லும் எஃப்எம்பி), வில்லங்கச் சான்று. முதல் மூன்றும் அரசின் இணையதளத்திலேயே கிடைக்கும். நகரப் பகுதியானால் நகர நில அளவைப் பதிவேட்டையும் பாருங்கள். வில்லங்கத்தை 30 ஆண்டோடு நிறுத்தாதீர்கள். மில் கட்டிய காலத்துக்கு முன்பு வரை போக வேண்டும். அதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும்.

இந்த வட்டாரத்தில் அதிகம் பேர் தவறவிடுவது பழைய செட்டில்மென்ட் பதிவேடு, அதாவது ஜமீன் ஒழிந்த பின் அரசு நிலங்களை அளந்து வகைப்படுத்தி எழுதியது. பெரும்பகுதி சிவகங்கை ஜமீனில் இருந்த நிலம். 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த செட்டில்மென்டில் வாய்க்கால், பாதை, ஊருணி புறம்போக்குகள் தனித்தனியாகக் குறிக்கப்பட்டன. 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த) திருத்தத்தில் சிறு வாய்க்கால்கள் பக்கத்துப் பட்டாவோடு சேர்ந்துவிட்ட இடங்கள் உண்டு. இன்றைய புலப்படத்தில் இல்லாத வாய்க்கால் பழைய படத்தில் இருந்தால், அதுவே உங்கள் கையில் இருக்கும் முதன்மையான ஆவணம். வட்டாட்சியர் அலுவலகத்தில் நகல் கேளுங்கள். தராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

உரிமையிலும் இரண்டு சிக்கல்கள் இங்கே அடிக்கடி வரும். மில் ஒருவர் பெயரில் இருப்பது அரிது. அண்ணன் தம்பிகள், பங்காளிகள், அவர்கள் பிள்ளைகள் என்று நீளும். பாதிப் பேர் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். அங்கிருந்து வரும் பவர் பத்திரம் இந்தியாவுக்குள் வந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். அதைச் செய்யாத பவரை வைத்து மனை விற்றால் பின்னால் ஒரு பங்காளி வழக்குப் போடுவார். அவதிப்படுவது மனை வாங்கியவர். இரண்டாவது, கோயில் நிலம். மில்லின் ஒரு பகுதி தேவஸ்தான நிலமாக, நீண்ட காலக் குத்தகையில் இருந்திருக்கலாம். அறநிலையத் துறைச் சட்டம் 1959, பிரிவு 34-இன்படி ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. ஏ-பதிவேட்டில் கோயில் பெயர் எங்காவது தென்பட்டால் அங்கேயே நின்று விசாரியுங்கள்.

மண்ணுக்குள் என்ன கிடக்கிறது

புழுங்கல் அரிசி ஆலையில் மிஞ்சுவதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் எங்கே தோண்ட வேண்டும் என்பது விளங்கும். ஒரு டன் நெல் அரைத்தால் ஏறத்தாழ 200 கிலோ உமி. அந்த உமியை பாய்லரில் எரித்தால் 40 கிலோ அளவுக்குச் சாம்பல். ஒரு நாளைக்கு 20 டன் அரைத்த மில் தினமும் 800 கிலோ சாம்பல் கழித்திருக்கும். பல ஆண்டு ஓடிய மில்லில் அது எங்கே போனது? கொஞ்சம் செங்கல் சூளைக்குப் போயிருக்கும். மிச்சம் வளாகத்தின் தாழ்ந்த மூலையில் குழியை நிரப்பியிருக்கும். அந்த மூலை பெரும்பாலும் முன்பு தண்ணீர் போன வழி.

இடத்தைக் கண்டுபிடிக்கச் சிறந்த ஆள் பழைய மில் தொழிலாளி. பத்து பேர் முன்னால் கூட்டத்தில் வைத்துக் கேட்காமல் தனியாகப் போய், “அண்ணே, சாம்பலை எங்க கொட்டுனீங்க, ஊறல் தண்ணி எந்தப் பக்கம் போச்சு?” என்று கேட்டு, அவர் காட்டும் இடங்களைப் புலப்படத்தின் நகலில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு ஆச்சிகளிடம் கிணற்றுத் தண்ணீர் எந்த வருஷம் நாற ஆரம்பித்தது என்று கேளுங்கள். நெல் ஊறிய தண்ணீர் மூன்று நாள் தேங்கினாலே புளித்து நாறும். அந்த நாற்றத்தின் திசையை மறந்தவர் இருக்க மாட்டார்.

சாம்பல் குழியை முதற்கட்டமாகச் சோதிக்க 12 மில்லிமீட்டர் கம்பி 6 அடி நீளத்துக்குப் போதும். செட்டிநாட்டின் இயல்பான தரை செம்மண்ணும் செம்புறாங்கல்லும். ஒரு ஆள் கையால் அழுத்தினால் கம்பி ஒரு அடிகூட இறங்காது. எங்கே அது வழுக்கிக்கொண்டு இறங்குகிறதோ அங்கே கொட்டிய மண்ணோ சாம்பலோ இருக்கிறது. இது வழிகாட்டி மட்டும், ஆதாரமாகாது. ஆதாரத்துக்கு ஜேசிபியால் 2 முதல் 2.5 மீட்டர் வரை சோதனைக் குழி வெட்டி, டேப்பைத் தொங்கவிட்டுப் போட்டோ எடுத்து, ஒவ்வொரு அடுக்கின் ஆழத்தையும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். வெட்டிய குழிக்குள் ஆள் இறங்கக் கூடாது. சாம்பல் சுவர் முன்னறிவிப்பின்றிச் சரியும்.

உமிச்சாம்பலைப் பெரிய விஷம் என்று சொல்வது மிகை. அது பெரும்பாலும் சிலிக்கா. காய்ந்த நிலையில் அள்ளும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கெடுதி, அதனால் நனைத்து அள்ள வேண்டும், தார்ப்பாய் மூடி ஏற்ற வேண்டும். உண்மையான ஆபத்து வேறு: அது எடை குறைந்தது, அமுங்கும். அதன் மேல் இரண்டடிக் கிராவல் பரப்பி மனை விற்றால், கட்டிய வீடு இரண்டு மழைக்குள் ஒரு பக்கம் இறங்கும். சுவரில் மூலைவாட்டில் வெடிப்பு வரும். பிறகு சரிசெய்ய முடியாது. முறையான தீர்வு ஒன்றுதான். இயல்பான செம்மண் தட்டுப்படும் வரை முழுவதும் அள்ளி, 20 சென்டிமீட்டர் அடுக்குகளாகக் கிராவல் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து ரோலர் ஓட்டி, அடர்த்திச் சோதனையில் 95 சதவீதம் வந்த பிறகே அடுத்த அடுக்கு.

இதன் செலவை மனதில் வையுங்கள். 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழக் குழி என்றால் 1,800 கன மீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக 636 யூனிட் வெளியே போக வேண்டும், அதற்கு மேலும் உள்ளே வர வேண்டும். மூன்று யூனிட் டிப்பரில் இரு வழியும் சேர்த்து நானூறு நடைக்கு மேல். இந்தச் செலவைத் தவிர்க்க வழக்கமாகச் செய்யப்படுவது, அந்த மூலையைப் பூங்காவாகக் காட்டிவிடுவது. வரைபடத்தில் பூங்கா எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே குழி எங்கே என்று பாதி ஊகிக்கலாம்.

சாம்பலைத் தவிர மில்லில் தேட வேண்டியவை: பாய்லர் ரூமுக்குப் பக்கத்தில் புதைத்த டீசல் அல்லது ஃபர்னஸ் ஆயில் தொட்டி, டிரான்ஸ்ஃபார்மர் மேடை, பேட்டரி வைத்த இடம், கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், திறந்த கிணறு, கைவிட்ட போர். குடோன் தரை ஓரங்களில் பூச்சிமருந்து. பிஹெச்சி இந்தியாவில் 1997-இல் தடை செய்யப்பட்டது, அதற்கு முன் குடோன்களில் தாராளமாகத் தூவப்பட்ட பொடி அது. மூடிய அலுமினியம் பாஸ்பைடு டப்பா ஏதும் கிடைத்தால் திறக்கவோ நனைக்கவோ கூடாது. ஈரம் பட்டால் உயிர் போக்கும் வாயு வரும். ஆட்களை விலக்கிவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலான ஆய்வுகள் வீணாகின்றன. நிலம் முழுக்கப் பத்து இடத்தில் மண் எடுத்து ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாகக் கொடுப்பார்கள். ஒன்பது நல்ல மண், ஒரு கெட்ட மண்ணின் அளவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிடும். அறிக்கை சுத்தமாக வரும். சந்தேக இடங்கள் ஒவ்வொன்றிலும் தனி மாதிரி, மேல் 15 சென்டிமீட்டரில் ஒன்று, 1 மீட்டரில் ஒன்று, குழியின் அடியில் ஒன்று என்று கேளுங்கள். எண்ணெய்க்கும் பூச்சிமருந்துக்கும் கண்ணாடிப் புட்டி, உலோகங்களுக்குப் பாலிதீன் பை. ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து ஒன்றை முத்திரையிட்டு ஊர் சார்பில் வையுங்கள். ஆய்வகம் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்றதா, கேட்கும் சோதனைக்கே அந்த அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். கேட்க வேண்டியவை: அமிலகாரத்தன்மை, ஈயம், குரோமியம், ஆர்சனிக், காட்மியம், துத்தநாகம், மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், ஆர்கனோகுளோரின் பூச்சிமருந்துகள்.

சாயப் பட்டறை, முலாம் பூசும் பட்டறை, பெட்ரோல் பங்க் நிலமானால் நிலைமை இன்னும் கடுமை. 2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களைக் கையாளத் தனி விதிகளை வெளியிட்டது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் அரையாண்டுக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும், மாசாக்கியவர் செலவில் சுத்தம் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ஆட்சியருக்கும் வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் இந்த விதியைச் சுட்டி எழுதுங்கள். உமிச்சாம்பல் மட்டும் உள்ள நிலத்துக்கு இதை இழுத்தால் மனு பலவீனமாகும்.

தண்ணீர்

செட்டிநாட்டு ஊர்களை வகுத்தவர்கள் தெரு நீர் ஊருணிக்கும், ஊருணி நிரம்பி அடுத்த ஊருணிக்கும் கண்மாய்க்கும் போகும்படி தரையைச் சாய்த்தார்கள். மில் காம்பவுண்டு அந்த ஓட்டத்தின் நடுவே உட்கார்ந்திருக்கும். மில் ஓடிய காலத்தில் நெற்களத்துத் தண்ணீர் எங்கோ ஒரு மதகு வழியாக வெளியேறியது. மனையாகும்போது அந்த மதகை அடைத்து, தரையை மூன்றடி உயர்த்தி, ரோடு போடுவார்கள். அடுத்த ஐப்பசியில் பக்கத்துத் தெருவின் வீடுகளில் தண்ணீர் ஏறும். பழைய வளவு வீடுகள் உயர்ந்த மேடையில் இருப்பதால் தப்பும். நனைவது பின்னால் வந்த தாழ்வான வீடுகளும் மில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளும்தான்.

எண்ணிக்கையோடு பேசுங்கள். ஒரு ஹெக்டேரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5 லட்சம் லிட்டர். வெறும் செம்மண்ணாக இருந்தபோது அதில் கணிசமானது உள்ளே இறங்கியது. கூரையும் தார்ரோடும் வந்த பின் முக்கால்வாசி வெளியே ஓடும். அந்த மூன்றே முக்கால் லட்சம் லிட்டர் எந்தக் கால்வாய் வழியாக, எந்த ஊருணிக்கு, எத்தனை அகலக் குழாயில் போகும் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். சர்வேயரை வைத்து லெவல் எடுங்கள். அளவீட்டின் அடிப்படைப் புள்ளி அசையாத ஒன்றாக இருக்கட்டும்: ஊருணிப் படித்துறையின் மேற்படி, பாலத்தின் கைப்பிடிச் சுவர் போன்றவை. தெருவின் நடு, வீட்டு வாசற்படிகள், மில் தரை, மதகின் அடி ஆகிய மட்டங்களை ஒரே தாளில் எழுதிப் போட்டோவோடு வையுங்கள். மண் நிரப்பிய பிறகு பழைய மட்டத்தை நிரூபிக்க வேறு வழி இருக்காது.

குடிநீரையும் நிலத்தைத் தொடுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். மில் கிணறு, அதைச் சுற்றி மூன்று வீட்டு போர், மேட்டுப் பக்கத்தில் ஒரு போர். புரட்டாசியில் ஒருமுறை, தை மாதத்தில் ஒருமுறை. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் அடிப்படைச் சோதனைகள் நடக்கும். இந்தியத் தரம் 10500-இன்படி மொத்தக் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை, நைட்ரேட் 45, ஈயம் 0.01. கிருமிச் சோதனைக்குச் சுத்திகரித்த புட்டியில் எடுத்து ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். சாதாரணத் தண்ணீர் பாட்டிலில் எடுத்துப் போனால் முடிவு பயனில்லை. புது மனைகளுக்கான போர் எத்தனை, எவ்வளவு ஆழம் என்பதும் கேள்விப் பட்டியலில் இருக்கட்டும். காரைக்குடிக்குக் குடிநீர் தரும் சம்பை ஊற்றுப் பகுதிக்கு அருகில் என்றால் இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

ஊர்க்கூட்டம்

எல்லோரையும் ஒரே நாளில் ஒரே மண்டபத்தில் கூட்டாதீர்கள். குரல் உயர்ந்தவர் இருவர் பேசுவதே ஊரின் கருத்தாகிவிடும். முதலில் தெருவாரியாகச் சிறு கூட்டங்கள்: மில்லுக்குப் பின்தெரு, லைன் வீட்டுக்காரர்கள், கோயில் காரியக்காரர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், மனை வாங்க விரும்புபவர்கள். மனை வாங்க விரும்புபவர்களை அழைக்க மறந்துவிடுகிறார்கள். அவர்களும் ஊர்க்காரர்கள்தான், வாடகை வீட்டில் இருபது வருஷம் இருந்தவர்கள். பெண்களுக்குத் தனி நேரம் வையுங்கள். தண்ணீர், சாக்கடை, இரவில் லாரி வருவது பற்றி அவர்கள் சொல்லும் விவரம் ஆண்கள் கூட்டத்தில் வராது.

ஒவ்வொரு கூட்டத்திலும் மூன்று கேள்விகள் மட்டும்: என்ன பயம், என்ன நடந்தால் அந்தப் பயம் போகும், எதை விட்டுக்கொடுக்க முடியாது. பதில்களை நோட்டில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். பிறகு எல்லாத் தெருவின் பட்டியலையும் அடுக்கினால் பாதி கோரிக்கைகள் ஒன்றாகவே இருக்கும்.

அதற்கு அடுத்துதான் புரோமோட்டரையும் மில் குடும்பத்தாரையும் அழைக்க வேண்டும். மண்டபத்தில் உட்கார்வதற்கு முன் எல்லோரும் சேர்ந்து நிலத்தைச் சுற்றி நடந்துவிடுங்கள். மதகு இருக்கிறதா இல்லையா என்று மேசையில் ஒரு மணி நேரம் வாதாடுவதை நேரில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். மில் குடும்பத்தாரை அவமதிக்கும் பேச்சை முளையிலேயே நிறுத்துங்கள். அவர்கள் ஊர்க் கோயிலுக்கும் பள்ளிக்கும் செய்தது இருக்கும், அவர்கள் மனம் வைத்தால் புரோமோட்டர் மறுக்கும் கோரிக்கைகூட நடக்கும்.

மிகக் கசப்பான பிரச்சினை இரண்டு. ஒன்று லைன் வீடுகள். தலைமுறையாக அங்கே இருப்பவர்களுக்கு நிலுவைக் கூலியும் பணிக்கொடையும் பாக்கி இருக்கலாம். அவர்களைக் காலி செய்வது பற்றிய பேச்சு முடியாமல் அப்ரூவல் பேச்சைத் தொடங்குவது அநியாயம் என்பது எங்கள் உறுதியான கருத்து. நடைமுறையிலும் அதுவே பிறகு போராட்டமாகிறது. இன்னொன்று, சிறு மனைகள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் ரோடு போக 10 சதவீதம் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கும் விதி உண்டு. “அந்த ஆளுங்க இங்க வேண்டாம்” என்று ஒரு தெரு முணுமுணுக்கும். அதை ஊரின் கோரிக்கையாக எழுத விடாதீர்கள். மில்லில் உழைத்தவர்களுக்கு அந்த மனைகளில் முன்னுரிமை கேட்டால் இரண்டு பிரச்சினைக்கும் சேர்த்து ஒரு வழி பிறக்கும்.

முடிவானதை 100 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்திட்டு நிம்மதியாகிவிடுவது வழக்கமான தவறு. அந்தத் தாள் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் நகர் ஊரமைப்பு அலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது. புரோமோட்டர் நிலத்தை இன்னொருவருக்கு மாற்றினால் அவரையும் கட்டுப்படுத்தாது. ஒப்புக்கொண்ட ஒவ்வொன்றும் விண்ணப்ப வரைபடத்தில் கோடாகவோ, அப்ரூவல் கடிதத்தில் நிபந்தனையாகவோ ஏற வேண்டும்.

அனுமதி எந்த வழியில் போகிறது

அந்த நிலம் காரைக்குடி போன்ற முழுமைத் திட்டப் (மாஸ்டர் பிளான்) பகுதிக்குள் தொழில் உபயோகம் என்று குறிக்கப்பட்டிருந்தால், முதலில் நில உபயோக மாற்றம் வேண்டும். அதற்குப் பத்திரிகையில் அறிவிப்பு வரும், ஆட்சேபனை தெரிவிக்க நாள் குறித்திருக்கும். முறைப்படி உங்கள் கருத்தைக் கேட்கும் கட்டம் இது ஒன்றுதான். மனைப்பிரிவு விண்ணப்பத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. அதனால் நாளிதழ் அறிவிப்புகளைப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள்.

அடுத்து மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் தொழில்நுட்ப ஒப்புதல். பிறகு ரோடும் திறந்தவெளி இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிவாகும். அதன் பின் உள்ளாட்சியின் இறுதி அனுமதி. உங்கள் மனு தொழில்நுட்ப ஒப்புதலுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். நகர் ஊரமைப்பு அலுவலகம், உள்ளாட்சி, கோட்டாட்சியர், நீர்வளத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என ஐந்து இடத்துக்கும் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். திங்கட்கிழமைக் குறைதீர் நாளிலும் கொடுத்து எண் வாங்குங்கள். ஊராட்சிப் பகுதியானால் கிராம சபைத் தீர்மானம் மிகவும் வலுவானது. சபை கூடும் நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தில் சர்வே எண், கோரிக்கை, காரணம் மூன்றும் வர வேண்டும்.

திறந்தவெளி இடத்தின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையான மனைப்பிரிவில் ரோடு போக மீதியில் 10 சதவீதம். இடமாகத் தர முடியாவிட்டால் பணமாகக் கட்டலாம். 10,000-க்கு மேல் போனால் இடமாகவே தர வேண்டும். 5 ஏக்கர் மில் என்றால் 20,235 சதுர மீட்டர். ரோட்டுக்கு 30 சதவீதம் போனால் மீதி 14,165. அதில் 10 சதவீதம் 1,416 சதுர மீட்டர், ஏறத்தாழ 35 சென்ட். அந்த 35 சென்ட் சாம்பல் குழியிலோ டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியிலோ விழாமல், ரோட்டைத் தொட்டு, ஒரே துண்டாக இருக்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். நிலத்தை இரண்டு விண்ணப்பமாக உடைத்து 10,000-க்குக் கீழே காட்டும் தந்திரத்தையும் கவனியுங்கள். அடுத்தடுத்த சர்வே எண்களில் ஒரே காலத்தில் வந்த விண்ணப்பங்களைத் தகவல் உரிமை மனுவில் கேட்டால் அது வெளிப்படும்.

கேட்கத் தகுந்த நிபந்தனைகள்: சாம்பல் அகற்றிய அறிக்கை வந்த பிறகே அந்தப் பகுதிக்கு இறுதி அனுமதி, மதகையும் வரத்துக்காலையும் பழைய அகலத்தில் திறந்துவிடுவது, தரைமட்டத்துக்கு உச்சவரம்பு, கைவிட்ட போர்களை அடியிலிருந்து மேல்வரை மூடுவது, நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று. இருபது கோரிக்கை வைத்தால் அலுவலர் எளிதான ஐந்தை எடுத்துக்கொள்வார். ஆறு போதும்.

வேலை நடக்கும்போது

லாரி எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு என்பதை முதல் நாளுக்கு முன் முடிவு செய்யுங்கள். பள்ளி நேரத்தில் டிப்பர் கூடாது. கிராவல் எங்கிருந்து வருகிறது என்று நடைச்சீட்டுக் கேளுங்கள். ஒரு மில் குழியை மூட ஒரு கண்மாயைத் தோண்டுவது பாவம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைத்து இறக்கக் கூடாது. நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுதாக இறக்கி, தடித்த பாலிதீனில் இரட்டையாகச் சுற்ற வேண்டும். ஆட்களுக்குத் துணி முகமூடி போதாது, வடிகட்டி உள்ள முகக்கவசம் வேண்டும். அந்த ஷீட்டைப் பழைய விலைக்கு மாட்டுக்கொட்டகைக்கு விற்பதையும் தடுங்கள்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடுகள் அருகில் இருந்தால் அதிர்வு ரோலர் வேண்டாம், சாதாரண ரோலர் போதும். வேலைக்கு முன்பே ஒவ்வொரு வீட்டின் சுவரையும் போட்டோ எடுத்து, இருக்கும் வெடிப்பின் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வெடிப்பு கோட்டைத் தாண்டினால் அது புதிது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியல் மட்டுமே வீடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு தந்துவிடாது என்பதால் இந்தப் பதிவே உங்கள் ஆதாரம்.

நிபந்தனை மீறப்பட்டால் நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 56, 57 பிரிவுகளைச் சுட்டி நடவடிக்கை கேளுங்கள். அனுமதி உத்தரவையே எதிர்க்க பிரிவு 79-இல் மேல்முறையீடு உண்டு. கால வரம்பு குறுகியது, உத்தரவு நகல் கிடைத்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள். நீர், மண் மாசு என்றால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. பொதுவாக ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். வாய்க்கால், ஊருணி ஆக்கிரமிப்பு என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. நீர்நிலைப் புறம்போக்கு பற்றி 2005-ஆம் ஆண்டு எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் தந்த தீர்ப்புகள் உங்கள் பக்கம் நிற்கும். மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில் வழக்குப் போட்டால் ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிவைப்பார்கள்.

மனை வாங்குபவர்களுக்கும் இதே கோப்பு வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம் ரெரா (மனை, கட்டட விற்பனையை முறைப்படுத்தும் ஆணையம்) பதிவு இல்லாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. அந்தப் பதிவு எண்ணையும், அப்ரூவல் கடிதத்தின் நிபந்தனைப் பக்கத்தையும், மண் ஆய்வறிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் இரண்டை மட்டும் காட்டி மூன்றாவதைத் தர மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வாங்கிவிட்டவர்கள் அஸ்திவாரம் தோண்டும் நாளில் குழியின் அடியை நேரில் பாருங்கள். கருப்பாகவோ சாம்பல் நிறமாகவோ தெரிந்தால் கான்கிரீட்டை நிறுத்திவிட்டு, மண் பரிசோதகரை வரவழைத்து, செம்மண் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள்.